எழுபத்திரண்டு டிகிரி, பதினைந்து விநாடி

அத்தியாயம் ஆறு

பால் தொழிற்சாலைக்குள் பால் வாசனை அடிக்காது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீராவி வாசனை அடித்தது, கழுவும் மருந்து வாசனை அடித்தது, ஈர ரப்பர் பூட்ஸ் வாசனை அடித்தது. மூன்று நாளாக உற்பத்தி இல்லை என்பதால் அதுவும் அரைகுறையாகத்தான் வந்தது. மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். மெத்தை வைத்த நாற்காலி. உட்கார்ந்தேன், இனி எழுந்திருக்கவே வேண்டாம் போலிருந்தது.

மேடம் உட்காரவில்லை. உணவு இன்ஸ்பெக்டராக இருபது வருஷம் ஓடிவிட்டு, அது போதும் என்று துப்பறிய வந்தவர். உட்காரச் சொன்னால் முதலில் அறையின் மூலை முடுக்கைப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. கண்ணுக்குக் கீழே நிரந்தரக் கருவளையம். சிரித்தால்கூடக் களைப்பாகத்தான் சிரிப்பார். நான் அவருடைய உதவியாளன். என்னை அவர் 'அலாரம்' என்பார். வேண்டாத நேரத்தில் வாயைத் திறப்பேனாம்.

"பெருசா ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் மேனேஜர். "ஆபரேட்டர் கைப்பட எழுதிக் குடுத்துட்டார். நீங்களும் விசாரிச்சதுல அதேதான்னு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். நாலு மணிக்குப் போலீஸ் வந்து அவரைக் கூட்டிட்டுப் போயிடும். நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு மெஷினை ஓட்டிடலாம்."

"எழுதறதுக்குப் பேனாவும் நீங்களே குடுப்பீங்களா சார்?" என்றேன்.

"அலாரம்," என்றார் மேடம். வாயை மூடிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை இங்கிருந்து போன கால் லிட்டர் பாக்கெட் பாலைக் குடித்த பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகளில் பதினான்கு பேர் காய்ச்சலும் ரத்த பேதியுமாக ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். பதிமூன்று பேர் தேறி எழுந்துவிட்டார்கள். ஒரு நான்கு வயதுப் பெண் குழந்தை மட்டும் சனிக்கிழமையான அன்றும் டிரிப்ஸில் இருந்தது. அந்தக் குழந்தையின் அப்பாதான், எழுதிக் கொடுத்த ஆபரேட்டர்.

மேடம் கடிதத்தை வாங்கி உரக்கப் படித்தார். "'காலை ஆறரை மணிக்கு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். வால்வைக் கையால் திறந்து பூட்டி வைத்திருந்தேன். சூடு குறைந்தது தெரியவில்லை. வேகாத பால் பாக்கெட்டுக்குப் போய்விட்டது. அன்றைய சூட்டுச் சார்ட்டைப் பயத்தில் கிழித்துப் போட்டுவிட்டேன். எல்லாத் தப்பும் என்னுடையது.'" கடிதத்தை மடித்தார். "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு. பயந்தவர் கையெழுத்து மாதிரியே இல்ல. வால்வைக் காட்டுங்க."

கடிகாரம் இரண்டைக் காட்டியது. நான் நாற்காலியிடம் விடைபெற்றுக்கொண்டேன்.

மெஷின் அறையில் ஆளுயரத்துக்கு எஃகுத் தகடுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு குழாய் கிளம்பி வளைந்து வளைந்து போய், முடிவில் ஒரு வால்வில் சேர்ந்தது.

"தகட்டுல பால் எழுபத்திரண்டு டிகிரிக்குச் சூடாகும் மேடம். அந்தச் சூட்டோட இந்தக் குழாயைக் கடக்கப் பதினஞ்சு விநாடி ஆகும். நோய்க் கிருமி சாக அது போதும். சூடு அரை டிகிரி குறைஞ்சாக்கூட இந்த வால்வு தானா திரும்பி, பாலைப் பழையபடி முதல் தொட்டிக்கே அனுப்பிடும்."

"அப்ப ஆபரேட்டர் தூங்கினா என்ன, சீட்டாடினா என்ன?" என்றேன்.

"அதான் வால்வைப் பூட்டி வச்சிருந்தேன்னு எழுதியிருக்காரே."

"எதைத் திறந்து பூட்டணும்?" என்று கேட்டார் மேடம்.

மேனேஜர் வால்வுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டினார். கம்பி கோத்து ஈய சீல் வைத்த பெட்டி. போன வருஷம் அரசாங்க ஆட்கள் சோதித்துவிட்டு வைத்த சீல். மேடம் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கம்பியின் மேலும் சீலின் மேலும் நீராவி பட்டுப் பட்டு வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. ஒரு இடத்தில்கூட உடைந்த அடையாளம் இல்லை.

"இதை ஒரு வருஷமா ஈகூடத் தொடல."

"வேற ஏதாவது வழியில பண்ணியிருப்பார்."

"எந்த வழி?"

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பாக்கெட் போடும் ஹால் மேல்மாடியில், நாளைக்காக மெஷினைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம், அதையும் பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் ஏறினார். நாங்கள் பின்னால் மெதுவாக ஏறினோம். மேடத்துக்கு முழங்கால் வலி. எனக்கு உடம்பு முழுக்க வலி.

"ஆபரேட்டர் பொய் சொல்றார்," என்றேன்.

"சீலைப் பார்க்கறதுக்கு முன்னாடியே தெரியும். பரிசோதனைச்சாலை ரிப்போர்ட் உன்கிட்டதானே இருக்கு? நேத்தே படிச்சிருக்கலாமே."

"படிச்சேன் மேடம். கிருமிகளோட பேரை வாய்விட்டுப் படிச்சதுல நாக்கு சுளுக்கிக்கிச்சு."

"பேர் வேண்டாம். பச்சைப் பால்ல பத்துப் பன்னண்டு வகைக் கிருமி இருக்கும். எல்லாத்துக்கும் சூடு தாங்கற சக்தி ஒண்ணு கிடையாது. சிலது அறுபது டிகிரியிலயே சுருண்டுடும். சிலது இன்னும் கொஞ்சம் முட்டி மோதிப் பார்க்கும். தடியன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கு எழுபத்திரண்டு டிகிரிங்கறது வெந்நீர்க் குளியல். எழுந்து தலை துவட்டிட்டுப் போயிடுவான். ஆனா ஆளைப் படுக்க வைக்க மாட்டான். பாலைச் சீக்கிரம் கெடுப்பான், அவ்வளவுதான்."

"எங்க பெரிய மாமா மாதிரி. அவரும் எங்க போனாலும் பிழைச்சுக்குவார், யாருக்கும் உபயோகமும் இல்ல."

"குழந்தைங்களைப் படுக்க வச்சவன் நோஞ்சான். சூடு பட்டா முதல்ல சாகறவங்கள்ல ஒருத்தன். மிச்சமிருந்த பாக்கெட்டை உடைச்சுப் பார்த்தாங்களே, அதுல யார் யார் உயிரோட இருந்தாங்க?"

நான் ரிப்போர்ட்டைப் பிரித்தேன். "தடியன் கொஞ்சம் இருக்கான். நோஞ்சான் நிறைய இருக்கான்."

"நடுவுல இருக்கறவங்க?"

மேலும் கீழும் பார்த்தேன். "நடுவுல யாருமே இல்ல மேடம்."

"பால் வேகாமப் போயிருந்தா நோஞ்சான் மட்டுமா பிழைப்பான்? அவனை விடக் கெட்டியான பத்துப் பேரும் பிழைச்சிருக்கணும். வீடு பத்தி எரிஞ்சுது. எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு. தடியன் ஒருத்தன் தப்பிச்சான், சரி. பக்கத்துல நோஞ்சான் சட்டைகூடக் கருகாம நிக்கறானே, அவன் யாரு?"

நான் படியிலேயே நின்றுவிட்டேன். "தீ அணைஞ்ச பிறகு உள்ள வந்தவன்!"

"மெதுவா. மேனேஜர் காதுல விழப்போகுது," என்றார் மேடம். "பால் சரியாத்தான் வெந்திருக்கு. வெந்த பிறகு எவனோ கதவைத் திறந்து விட்டிருக்கான். அந்தக் கதவு எங்கங்கறதுதான் இப்பக் கேள்வி."

மேல்மாடி ஹாலில் மேனேஜர் எங்களுக்குத் தலையுறை கொடுத்தார், வெள்ளை கோட்டு கொடுத்தார், காலுக்குப் பிளாஸ்டிக் பை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது நானே ஒரு பாக்கெட் போலச் சலசலத்தேன்.

காப்பகத்துக்கென்று பாக்கெட் போடும் கால் லிட்டர் மெஷின் ஹாலின் கோடியில் இருந்தது. தலைக்கு மேலே ஒரு எஃகுத் தொட்டி. வெந்து குளிர்ந்த பால் கீழிருந்து குழாயில் வந்து அதில் நிறையும். அங்கிருந்து இறங்கிப் பாக்கெட்டாகும். மெஷினுக்கு அருகில் ஒரு ஸ்டூல். நைலான் கயிற்றில் ஒரு கத்தரிக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.

சோதனைக்காகத் தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். மேனேஜர் தானே சுவிட்சைப் போட்டார். "இந்தத் தொழில்ல சுத்தம்தான் மேடம் எல்லாம். தொட்டியிலேர்ந்து பாக்கெட் வரைக்கும் பாருங்க, பால்ல மனுஷன் கையே படாது."

மெஷின் தடதடவென்று ஓடி முதல் பாக்கெட்டைத் துப்பியது. ஓரம் சரியாக ஒட்டாமல் ஒழுகியது. இரண்டாவதும் ஒழுகியது. "ஒட்டற பட்டை சூடேறணும். அது வரைக்கும் முதல் பன்னண்டு பாக்கெட் இப்படித்தான்," என்று சொல்லிக்கொண்டே மேனேஜர் ஒழுகும் பாக்கெட்டை எடுத்தார். கத்தரிக்கோலை இழுத்து ஒரு மூலையை வெட்டினார். ஸ்டூலில் ஏறினார். தொட்டி மூடியைத் தூக்கி உள்ளே ஊற்றினார். இறங்கி அடுத்த பாக்கெட்டை எடுத்தார். சுத்தத்தைப் பற்றிய பேச்சு நடுவில் நிற்கவே இல்லை.

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் மேனேஜரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈர விரல்களில் தண்ணீர் வழிந்து தொட்டிக்குள் சொட்டியது.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டார் மேடம்.

"தண்ணிதானே மேடம்."

"பாலா இருந்தா?"

"பாலா இருந்தாலும் வெந்த பால்தானே. கெட்டது எல்லாம் செத்த பால்."

"ஒழுகின பாலை முதல் தொட்டிக்கு அனுப்பி மறுபடி சூடாக்கணும். விதி அதுதானே?"

"அப்படித்தான் பண்ணிட்டு இருந்தோம். ரெண்டு தடவை வெந்தா ஒரு வாடை வருது. காப்பகத்துல குழந்தைங்க குடிக்க மாட்டேங்குதுன்னு சொன்னாங்க. அவங்களுக்காகத்தான் இப்படி மாத்தினோம். வருஷக்கணக்கா ஊத்தறோம் மேடம், ஒண்ணும் ஆனதில்லையே!"

உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. ஒரு தடவை வெந்துவிட்டால் பால் ஆயுசுக்கும் சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தார். சூடு என்பது அந்தப் பதினைந்து விநாடியில் உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும்தான், பதினாறாவது விநாடியில் வருகிறவனுக்கு அது பொருந்தாது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை போலும். எனக்குக் கோபம் வந்தது. கூடவே அலுப்பும் வந்தது. கெட்டவனாக இருந்தால் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறவரை என்ன செய்வது?

"திங்கட்கிழமை எத்தனை பாக்கெட் ஒழுகிச்சு?" என்றார் மேடம்.

மேனேஜர் ஆணியில் மாட்டியிருந்த நோட்டைப் புரட்டினார். "எழுபத்திரண்டு. அன்னைக்கு ஜாஸ்திதான். ஆரம்பத்துல வழக்கமான பன்னண்டு போக, மெஷின் அஞ்சு தடவை நின்னுச்சு. நின்னு ஓடினா ஒவ்வொரு தடவையும் பட்டை ஆறிப்போய் முதல் பன்னண்டு ஒழுகும்."

"ஏன் நின்னுச்சு?"

"ஓட்டின பொண்ணு அடிக்கடி வெளிய போயிட்டுப் போயிட்டு வந்துது. வயிறு சரியில்லைன்னு லீவு கேட்டுச்சு. நான்தான் வேற ஆள் இல்லன்னு..."

அவர் தன் கையில் இருந்த வெட்டிய பாக்கெட்டைப் பார்த்தார். அதைத் தரையில் போட்டார்.

"இந்த நோஞ்சான் மாட்டு வயித்துல குடியிருக்க மாட்டான் சார்," என்றார் மேடம் அமைதியாக. "மனுஷ வயித்துல மட்டும்தான். அந்தப் பொண்ணு அஞ்சு தடவை வெளிய போச்சு. அஞ்சு தடவையும் திரும்பி வந்து, பன்னண்டு பன்னண்டு பாக்கெட்டைக் கையால வெட்டி ஊத்துச்சு. யாரு அந்தப் பொண்ணு?"

"ஆபரேட்டரோட வீட்டுக்காரி," என்றார் மேனேஜர்.

மேடம் கத்தரிக்கோலைக் கயிற்றோடு அறுத்துக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆபரேட்டரை வாசல் காவலாளியின் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. முன்கையெல்லாம் நீராவி சுட்ட பழைய தழும்புகள். நாங்கள் உள்ளே போனதும் எழுந்து நின்றார். மேடம் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"சார்ட்டை ஏன் கிழிச்சீங்க?"

"தப்பு வெளிய தெரியக்கூடாதுன்னு மேடம்."

"தப்பு வெளிய தெரியக்கூடாதுன்னு சார்ட்டைக் கிழிச்ச ஆளு, அதே நாள் தப்பை ஏன் அழகா எழுதிக் குடுத்தீங்க?"

அவர் முன்கைத் தழும்பைத் தேய்த்துக்கொண்டார்.

"மெஷின் தானா வரையற அந்தச் சார்ட்ல எழுபத்திரண்டுக்குக் கீழ கோடு இறங்கியே இருக்காது. நீங்க தூங்கலைன்னு சொல்றதுக்கு இருந்த ஒரே சாட்சி அது. அதனாலதான் கிழிச்சீங்க. நாங்க மேல போய்க் கத்தரிக்கோலைப் பார்த்துட்டோம்."

அவர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். ரொம்ப தூரம் சுமையோடு நடந்த ஆள் உட்காருவது போல இருந்தது.

"குழந்தையைச் சேர்த்த அன்னைக்கே டாக்டர் கிருமி பேரைச் சொல்லிட்டார். இந்த மெஷின்ல எனக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். என் குழாயைத் தாண்டி அது உயிரோட வராது. அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு." கையால் முகத்தை மூடிக்கொண்டார். "என் வீட்டுக்காரிக்குத் தெரியாது மேடம். லீவு இல்லைன்னதும் வீட்டுக்குத் திரும்பி வர்றேன்னுதான் சொன்னா. ஒரு நாள்தானே, சமாளிச்சுக்கோன்னு நான்தான் அனுப்பினேன். பெத்த குழந்தை தன் கையால இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. நான் போறேன். உள்ள இருந்துட்டு வர்றேன். விட்டுடுங்க."

"நீங்க தூங்கினதா சொன்னதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"குழந்தை இருக்கற பக்கமே வரக்கூடாதுன்னுட்டா. மூணு நாளா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடறேன்."

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஏதாவது ஒரு கிண்டல் வாயில் வந்து நிற்கும். அன்று வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேடம் மட்டும் அசையவில்லை. "நீங்க போயிட்டா, ஆளைப் பிடிச்சாச்சுன்னு நாளைக்கு அஞ்சு மணிக்கு மெஷின் ஓடும். புதுக் கத்தரிக்கோல் கட்டுவாங்க. அதே குழந்தைங்களுக்குப் போகும். சரி, அது நாளைக்கு. இப்ப ஒண்ணு கேக்கறேன். பதிமூணு குழந்தைங்க எழுந்து உட்கார்ந்தாச்சு. உங்க பொண்ணு மட்டும் ஏன் இன்னும் படுத்திருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்கு ஊட்டி விடறது யாரு?"

"அவ அம்மாதான்."

"அவங்களுக்கு வயிறு சரியாயிடுச்சா?"

அவருடைய முகத்தில் நடந்ததை நான் சொல்ல விரும்பவில்லை. "மாத்திரை போட்டு ஓட்டிட்டு இருக்கா," என்று சொன்னபோதே எழுந்துவிட்டார். "ஐயோ மேடம்... நான் இதை யோசிக்கவே இல்லையே!"

"அதனாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். டாக்டர்கிட்ட சொன்னாத்தான் தெரியும். சொல்ல விடாம நிறுத்தி வச்சிருக்கறது உங்க கடிதம்." மேடம் என் பக்கம் திரும்பினார். "அலாரம், வண்டியை எடு. நாலு மணிக்கு வர்ற போலீஸை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு. சாட்சியை நான் கையோட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு."

ஆஸ்பத்திரியில் மேடம் முதலில் டாக்டரின் அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தார். நாங்கள் வராந்தாவில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் வார்டுக் கதவைத் திறந்துகொண்டு ஆபரேட்டரின் மனைவி வந்தார். கையில் ஒரு கிண்ணமும் ஸ்பூனும். புருஷனைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"இவரை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று மேடத்திடம் கேட்டார். "தூக்கம்தானே முக்கியம் இவருக்கு. போய்த் தூங்கச் சொல்லுங்க."

மேடம் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, அதட்டவும் இல்லை. ஸ்டூல், கத்தரிக்கோல், அஞ்சு தடவை நின்ற மெஷின், மறுத்த லீவு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். விதியை மாற்றியது நீ இல்லை, உன்னை அங்கே நிற்க வைத்ததும் நீ இல்லை, என் ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருக்கும் என்றார். அந்தப் பெண் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்க தூங்கலையா?"

"இல்ல," என்றார் ஆபரேட்டர்.

"மூணு நாளா வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் கிண்ணத்தைப் பெஞ்சில் வைத்தார்.

"குழந்தைங்களுக்குப் போறதாச்சேன்னு, ஒரு சொட்டு வீணாகாம ஊத்தினேன்," என்றார் கடைசியில். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நர்ஸ் வந்தார். உங்களுக்கும் பரிசோதனை எடுக்க வேண்டும், சரியாகிறவரை குழந்தையிடம் போகக்கூடாது, வேறு யாராவது உள்ளே இருக்கலாம் என்று சொன்னார். அந்தப் பெண் தலையாட்டினார். அழவில்லை. புருஷனிடம் சொல்ல ஆரம்பித்தார்.

"தண்ணியை ஒரேடியாக் குடுத்துடாதீங்க, வாந்தி எடுத்துடுவா. ஸ்பூன் ஸ்பூனாக் குடுங்க. ஊசி போட்ட கையைத் தூக்கவிடாதீங்க. இந்தக் கிண்ணம் வேண்டாம், நர்ஸ்கிட்ட வேற வாங்கிக்குங்க. அப்பா எங்கன்னு கேட்டுட்டே இருக்கா. நான்தான் வேலைக்குப் போயிருக்கார்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

ஆபரேட்டர் வராந்தாக் குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவர் நிறுத்தமாட்டார் போலிருந்தது. "போதும், போங்க," என்றார் மனைவி. அவர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

அந்தப் பெண் எழுந்து கதவை நோக்கி இரண்டு அடி வைத்தார். பிறகு தானே பின்வாங்கிச் சுவர் ஓரமாக நின்றார்.

"சார், உள்ள ஏதோ பேசறா," என்றார் என்னிடம். "எனக்கு இங்கேர்ந்து சரியாக் கேக்கல. என்ன சொல்றா?"

நான் கதவில் காதை வைத்தேன். குழந்தையின் குரல் தெளிவாகத்தான் கேட்டது. 'அம்மா எங்கப்பா?' என்று கேட்டது. பதில் வராததால் மறுபடியும் அதையே கேட்டது.

"சிரிக்கறாம்மா," என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார்.